சிக்னல் கொடுக்கப் போகிற தம்பிக்கு

அனல்மின் நிலையமோ, சுத்திகரிப்பு ஆலையோ, துறைமுக யார்டோ, புதிதாக வேலைக்கு வரும் பையனின் காதில் முதலில் விழுவது இதுதான்: "தம்பி, அந்த டிப்பர் ரிவர்ஸ் வருது, கொஞ்சம் பார்த்து விடு." கையில் ஒரு விசிலைக் கொடுத்து, உடம்பில் ஒளிரும் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு ஃபோர்மேன் போய்விடுவார். எதுவும் தெரியாதவனுக்கு எந்த வேலையைக் கொடுக்கலாம் என்று யோசித்தால் இந்த வேலைதான் அவர்களுக்கு ஞாபகம் வருகிறது. ரிக்கிங் வேலையிலேயே வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஆறாத வருத்தம். பணியிடத்தில் வாகனங்களால் ஏற்படும் மரணங்களில் ஏறத்தாழ கால்பங்கு ரிவர்ஸ் எடுக்கும்போது நடக்கிறது என்று பிரிட்டனின் பணிப் பாதுகாப்புத் துறை சொல்கிறது. அப்படி வரும் வண்டிக்குப் பின்னால்தான் உன்னை நிறுத்துகிறார்கள். ஆகவே விசிலை வாயில் வைக்கும் முன் இதைப் படித்துவிடு.

1. உன்னிடம் இருக்கும் ஒரே அதிகாரம் வண்டியை நிறுத்துவது. ஓட்டுவதற்கு டிரைவர் இருக்கிறார், அவருக்கு ஓட்டத் தெரியும். அவருக்குத் தெரியாத இடத்தைப் பார்த்து, சந்தேகம் வந்த நொடியில் கையைத் தூக்குவதற்குத்தான் நீ. என்ன சந்தேகம் என்று உனக்கே விளங்காவிட்டாலும் நிறுத்து. நிறுத்திவிட்டு யோசி. "எதுக்குடா சும்மா சும்மா நிறுத்தற?" என்று யாராவது சத்தம் போடுவார்கள். போடட்டும். "வா" என்று சொல்லும் உரிமை ஒரு வண்டிக்கு ஒரே ஒருவனுக்குத்தான். "நில்" என்று சொல்லும் உரிமை சைட்டில் இருக்கும் எல்லோருக்கும் உண்டு. பெருக்க வந்த அக்கா கையைக் காட்டினாலும் வண்டி நிற்க வேண்டும்.

2. வண்டி அசைவதற்கு முன் நீ நடந்துவிட்டு வா. அது வரப்போகும் பாதை முழுவதையும் காலால் அளந்து பார். நேற்று மூடிய பள்ளம் மேலே காய்ந்தும் உள்ளே சேறாகவும் இருக்கும். மேன்ஹோல் மூடி லாரி எடையைத் தாங்குமா, தரையில் வெல்டிங் கேபிள் ஓடுகிறதா, பைப் சப்போர்ட் எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறது, திரும்ப இடம் இருக்கிறதா என்று எல்லாவற்றையும் பார். நம் ஊர் வெயிலுக்கென்று இன்னொன்றும் இருக்கிறது. மதியச் சாப்பாடு முடிந்ததும் நிழல் தேடி லாரிக்கு அடியில் துண்டை விரித்துப் படுக்கிறவர்கள் உண்டு. இரண்டு மணிக்கு எடுக்கும் முதல் வண்டிக்கு முன், குனிந்து அடியில் பார்க்காமல் "ரைட்" சொல்லாதே. இரண்டு பக்கமும் பார், பின்அச்சுக்குப் பின்னாலும் பார்.

நடக்கும்போதே ஒன்றை யோசி: இந்த வண்டி ரிவர்ஸ் வந்தே ஆக வேண்டுமா? அந்தப் பக்க கேட்டைத் திறந்துவிட்டால் நேராக வந்து நேராகப் போய்விடுமா? முடியும் என்றால் ஃபோர்மேனிடம் சொல். ஒருவழிப் பாதை போட்டு ரிவர்ஸே இல்லாமல் செய்வதைவிட நல்ல சிக்னல் கிடையாது.

3. ஏறிப் போய் டிரைவரிடம் பேசு. கீழே நின்று கத்தாதே. வண்டி நிற்கிறது, ஹேண்ட் பிரேக் போட்டாயிற்று என்று தெரிந்த பின் படியில் ஏறி முகம் பார்த்துப் பேசு. எங்கே கொட்ட வேண்டும், எந்தப் பக்கம் ஒடிக்க வேண்டும், நீ எங்கே நிற்பாய், எந்தக் கை அசைவுக்கு என்ன பொருள் என்று சொல்லிவிடு. இப்போது நம் சைட்டுகளில் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வந்த ஆபரேட்டர்கள் நிறைய. "ஆனே தோ", "ருக்கோ" என்ற இரண்டு சொல்லைக் கற்று வைத்திருப்பது நல்லதுதான். ஆனால் இன்ஜின் சத்தத்தில் தமிழும் கேட்காது, இந்தியும் கேட்காது. கைதான் பேசும். அவர் வந்த சைட்டில் கையை ஆட்டிய விதம் வேறாக இருந்திருக்கலாம். அதனால் நீயும் அவரும் ஒருமுறை செய்து பார்த்துக்கொள்ளுங்கள்: ஒரு கையை உயர்த்தி உள்ளங்கையை அசையாமல் காட்டினால் நில், இரண்டு கைகளையும் விரித்தால் அவசரமாக நில். கடைசியாக ஒன்று சொல்லிவிட்டு இறங்கு: "அண்ணே, நான் கண்ணுக்குத் தெரியலைன்னா வண்டியை நிறுத்திடுங்க."

4. நிற்கும் இடம். இந்த வேலையில் பாதி இதுதான், அதனால் நீட்டிச் சொல்கிறேன்.

நம் நாட்டு லாரியில் டிரைவர் வலப்பக்கம். அவருடைய வலக் கண்ணாடிதான் உன் வீடு. வண்டியின் பின்மூலையிலிருந்து வலப்புறமாக, சாய்வாக, விலகி நில். நேர் பின்னால் ஒருபோதும் நிற்காதே. அங்கே நீ இருப்பது அவருக்குத் தெரியவே தெரியாது. நீ சரியான இடத்தில் நிற்கிறாயா என்பதைச் சோதிக்க வழி சுலபம். கண்ணாடியில் அவர் முகம் உனக்குத் தெரிகிறதா? தெரிந்தால் நீயும் அவருக்குத் தெரிவாய். ஜாக்கெட்டின் பளபளப்பை நம்பாதே, அந்த முகத்தை நம்பு. முகம் மறைந்தால் வண்டி நிற்க வேண்டும், இதில் பேரம் இல்லை.

எவ்வளவு விலகி? நடைவேகத்தில், மணிக்கு 5 கிலோமீட்டரில் வரும் வண்டி நொடிக்கு 1.4 மீட்டர் நகர்கிறது. நீ கையைக் காட்டி, அவர் பார்த்து, கால் பிரேக்குக்குப் போய், காற்றழுத்தம் சக்கரத்தைப் பிடிப்பதற்குள் ஒன்றிரண்டு நொடி ஓடிவிடும். பத்துச் சக்கர டிப்பர் லோடோடு ஏறத்தாழ 28 டன். அது கூடுதலாக இரண்டு, மூன்று மீட்டர் வந்துதான் நிற்கும். ஆகவே நகரும் வண்டிக்கு இருபது அடிக்குள் நீ போகக் கூடாது என்பது என் கணக்கு. இடம் குறுகல் என்றால் வண்டியின் வேகத்தைத்தான் குறைக்க வேண்டும், இடைவெளியைக் குறைக்காதே.

உன் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றும் பார். சுவர், தூண், நிற்கும் இன்னொரு லாரி, அடுக்கி வைத்த கம்பிக்கட்டு இவற்றுக்கும் நகரும் வண்டிக்கும் நடுவில் ஒரு மனிதன் நிற்கவே கூடாது. தப்பித்து ஓட ஒரு பக்கம் எப்போதும் திறந்திருக்க வேண்டும். இந்த இடத்தில் வண்டி சறுக்கினால் நான் எந்தப் பக்கம் ஓடுவேன் என்று நின்றவுடனே தீர்மானித்து வை.

டிரெய்லர் என்றால் இன்னும் கவனம். அதன் வால் வலப்பக்கம் மடங்கும்போது டிரைவர் அதைப் பார்த்துக்கொண்டே வரலாம். இடப்பக்கம் மடங்கினால் வலக் கண்ணாடியில் வெறும் மைதானம்தான் தெரியும். முடிந்தவரை வலப்பக்கம் மடங்கி வரும்படி வழியை அமைத்துக் கொடு. இடப்பக்கம்தான் என்றால் வண்டியை நிறுத்து, முன்பக்கமாகச் சுற்றி இடப்பக்கம் போ, இடக் கண்ணாடியில் அவர் முகத்தைப் பிடி, பிறகு தொடங்கு. பின்னால் குறுக்கே ஓடிப் போகாதே. சுரங்கத்தில் ஓடும் பெரிய டம்பர்களில் கேபின் பெரும்பாலும் இடப்பக்கம் இருக்கும். அங்கே வலப்பக்கம் முழுக்க இருட்டு. எந்த எந்திரமானாலும் ஆபரேட்டர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் உன் இடத்தை முடிவு செய்ய வேண்டும்.

5. லாரி பாடியைத் தட்டாதே. ரோட்டில் கிளீனராக இருந்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு இது கையோடு வந்த பழக்கம்: பின்னால் ஒட்டி நடந்துகொண்டு தட்டித் தட்டி "வரட்டும் வரட்டும்" என்பது. தட்டும் தூரத்தில் இருக்கிறாய் என்றால் நசுங்கும் தூரத்தில் இருக்கிறாய். சரளையில் கால் வழுக்கினால் எழுந்திருக்க நேரம் கிடையாது. அந்தப் பழக்கத்தோடு வரும் பையனைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். நல்ல பையன்கள், சுறுசுறுப்பானவர்கள், அதனாலேயே ஒட்டி நிற்பார்கள்.

6. பின்பக்கமாக நடக்காதே. வண்டியைப் பார்த்துக்கொண்டே பின்னோக்கி நடந்தால் ஒரு கம்பித் துண்டு போதும், விழுவதற்கு. நின்ற இடத்திலிருந்து சிக்னல் கொடு. இடம் மாற வேண்டுமானால் வண்டியை நிறுத்து, திரும்பி நேராக நடந்து போ, புது இடத்தில் நின்று முகத்தைப் பிடித்து மறுபடி தொடங்கு. நேரம் ஆகும். ஆகட்டும்.

7. ஹைட்ரா கிரேன். நம் நாட்டு ஆலைகளில் இது இல்லாத நாளில்லை. பைப், வால்வு, மோட்டார், பீம் எதுவானாலும் ஹைட்ராவில் தொங்கவிட்டு ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். எனக்குத் தெரிந்து மிக அதிகமான கவனம் கேட்கும் எந்திரமும் இதுதான். பழைய மாடலில் ஆபரேட்டர் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். அவர் கண்ணுக்கு முன்னால் பூம், பூமுக்கு முன்னால் லோடு. முன்னோக்கிப் போகும்போதே அவருக்குப் பாதி குருடு. அதற்குப் பின்சக்கரம்தான் திரும்பும். அதனால் முன்னால் சற்றே ஒடித்தாலும் வால் எதிர்ப்பக்கம் வெளியே வீசும். முன்னால் லோடைப் பார்த்துக்கொண்டு நிற்பவன் பின்னால் வீசும் வாலை எதிர்பார்ப்பதில்லை.

லோடு ஆடாமல் இருக்க இரண்டு பேர் கையால் பிடித்துக்கொண்டு சக்கரத்தை ஒட்டி நடந்து போவதை எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன். ஒரு தொழிற்சாலையில் என் கண்ணெதிரே பைப்பைப் பிடித்து நடந்த ஒருவரின் பாதத்தின் மேல் முன்சக்கரம் ஏறியது. ஆபரேட்டர் நல்லவர், அனுபவசாலி. அந்த மனிதர் அங்கே இருந்ததே அவருக்குத் தெரியாது. லோடைக் கையால் தொடக் கூடாது. நீளமான கயிற்றைக் கட்டி, விலகி நின்று, பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது. லோடு தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குள் போனால் போதும், பூம் தாழ்ந்திருக்க வேண்டும். லோடுக்கும் ஹைட்ராவுக்கும் நடுவில் யாரும் இருக்கக் கூடாது. நீ முன்னால், ஆபரேட்டர் இருக்கும் பக்கமாக, சாய்வான தூரத்தில் இருந்து வழிகாட்டு. நீ நடந்து இடம் மாறும்போது ஹைட்ரா நிற்கட்டும். நீ நின்ற பிறகு அது வரட்டும்.

ஹைட்ரா எவ்வளவு லோடு தூக்கும் என்று ஆபரேட்டரோடு வாதாடாதே, கேபினில் ஒட்டியிருக்கும் சார்ட்டைப் பார்க்கச் சொல். பூமை நீட்டினால் தூக்கும் திறன் எவ்வளவு குறைகிறது என்று அதில் எழுதியிருக்கும். 14 டன் வண்டி என்றால் எல்லா நிலையிலும் 14 டன் தூக்கும் என்று நினைப்பவர்கள் சூப்பர்வைசர்களிலேயே இருக்கிறார்கள். கேபின் முன்னால் அமைந்த புது மாடல்கள் இப்போது வந்துவிட்டன; பழைய ஹைட்ராவை உள்ளேயே விடாத ஆலைகளும் உண்டு. எல்லா இடத்திலும் அந்த நாள் வர வேண்டும்.

8. பொக்லைனுக்கு முன்னால் இருக்கும் பக்கெட்டைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள். பின்னால் இருக்கும் எடைக்கல்லுக்குப் பயப்படு. மேல்பாகம் சுழலும்போது அது சக்கரச் சங்கிலிக்கு வெளியே வந்து வீசும். சுவருக்கும் அதற்கும் நடுவில் அரை மீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டும். இல்லையென்றால் அந்தப் பக்கம் யாரும் நுழையாதபடி கட்டி அடைத்துவிட வேண்டும். கேபின் இடப்பக்கம் இருப்பதால் பூமுக்கு அந்தப் புறம், வலப்பக்கம், ஆபரேட்டருக்குச் சரியாகத் தெரியாது. கிட்டே போக வேண்டுமானால் எதிரே நின்று கையைக் காட்டு. அவர் பக்கெட்டைத் தரையில் வைத்து, சேஃப்டி லீவரைத் தூக்கி, உன்னைப் பார்த்துத் தலையசைத்த பிறகு போ. ஜேசிபிக்கும் இதே முறைதான்.

9. டிப்பர் கொட்டும் இடத்தில் தரையைப் பார். தொட்டி மேலே எழும்போது கனம் முழுக்க உயரத்துக்குப் போய்விடுகிறது. ஒரு பக்கச் சக்கரம் கொஞ்சம் அமுங்கினாலும் வண்டி பக்கவாட்டில் சாயும். மழைக்காலத்தில் களிமண் தொட்டியின் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு விழாமல் நிற்கும்; டிரைவர் உலுக்கிப் பார்ப்பார்; அப்போதுதான் கவிழும். தூக்கிய தொட்டியின் உயரத்தைவிட அதிகமான தூரம் பக்கவாட்டில் விலகி நில். மண் ஒட்டிக்கொண்டால் உலுக்க விடாதே, தொட்டியை இறக்கச் சொல். பள்ளத்தின் விளிம்பில் கொட்டுவதாக இருந்தால் அங்கே மண்மேடு போட்டிருக்க வேண்டும், சக்கர அச்சின் உயரத்துக்காவது. இல்லையா, விளிம்புக்கு முன்னாலேயே கொட்டச் சொல்லு, டோசர் தள்ளிக்கொள்ளும்.

10. மேலே பார். டிப்பர் தொட்டி முழுக்க எழுந்தால் இருபது அடியைத் தாண்டிவிடும். ஊருக்குள்ளும் சைட்டுக்குள்ளும் போகும் 11 கிலோவோல்ட் கம்பிகளுக்கு அது எட்டும் உயரம். கம்பியைத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை, நெருங்கினாலே மின்சாரம் தாவும். 50 கிலோவோல்ட் வரையிலான கம்பிகளுக்கு 10 அடி, அதாவது 3 மீட்டர், இடைவெளி என்பது அமெரிக்க விதி. கீழே இருந்து பார்த்துக் கம்பியின் உயரத்தைக் கணிப்பதில் நம் கண் தவறு செய்யும். ஆகவே கம்பி போகும் வழியின் இரண்டு பக்கமும் கொடி கட்டி, உயரக் கட்டுப்பாட்டுக் கம்பம் வைக்கச் சொல்லிக் கேள். கம்பிக்கு அருகே கிரேன் வேலை என்றால் கம்பியை மட்டும் பார்க்க ஒரு தனி ஆள் வேண்டும். லோடையும் கம்பியையும் ஒரே கண் பார்க்க முடியாது. மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் செய்வதே சரி.

தொட்டே விட்டது என்றால்: ஓடிப் போய்த் தொடாதே. ஆபரேட்டர் கேபினிலேயே இருக்கட்டும், இருக்கச் சொல்லிக் கத்து. சுற்றியிருக்கும் தரையிலும் மின்சாரம் பரவியிருக்கும். எல்லோரையும் பத்து மீட்டருக்கு மேல் விலக்கு. லைனை அணைத்துவிட்டதாக மின்வாரியம் உறுதி சொல்லும்வரை யாரும் போகக் கூடாது. தீப்பிடித்தால் மட்டும் ஆபரேட்டர் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், கால்களைப் பிரிக்காமல் தத்தித் தத்தி விலக வேண்டும். இதை அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், அந்த நேரத்தில் சொல்லிக் கொடுக்க முடியாது.

11. போன் பையில்கூட வேண்டாம். ஷெட்டில் வைத்துவிட்டு வா.

12. ரிவர்ஸ் அலாரத்தை நம்பாதே. 1960-களில் ஜப்பானில் பிறந்த சாதனம் அது. எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் பத்து வண்டி ஒரே நேரத்தில் அலறும் யார்டில், காலை முழுக்க அதையே கேட்டவன் காதுக்கு மதியத்தில் அது கேட்பதே இல்லை. ஜெனரேட்டரும் பைலிங் ரிக்கும் ஓடும் இடத்தில் சொல்லவே வேண்டாம். அலாரம் வேலை செய்யாத வண்டியை அனுப்பாதே. வேலை செய்கிறது என்பதற்காக ஆட்கள் தானாக ஒதுங்கிவிடுவார்கள் என்றும் நினைக்காதே.

13. வெயிலும் இரவும். சூரியன் உன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் கண்ணாடியில் டிரைவருக்கு வெறும் கூசல்தான் தெரியும். காலை எட்டு மணிக்குச் சரியாக இருந்த இடம் மாலை ஐந்து மணிக்குச் சரியாக இருக்காது. இரவில் சிவப்பு, பச்சை ஒளிரும் தடி கேட்டு வாங்கு. டார்ச்சை அவர் கண்ணில் அடிக்காதே. அக்னி நட்சத்திர நாட்களில் நின்றுகொண்டே இருக்கிறவனுக்குத் தலை சுற்றும், அது வரும்முன் தண்ணீர் குடி. தண்ணீர் குடிக்கப் போகும்போதும், ஒன்றுக்குப் போகும்போதும் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போ. சொல்லாமல் நகர்ந்த ஆளை இன்னும் அங்கேதான் நிற்கிறான் என்று நம்பி டிரைவர் வண்டியை எடுப்பார்.

14. ஒரு வண்டிக்கு ஒரு ஆள், அந்த ஆளுக்கு அந்த வேலை மட்டும். சிக்னல் கொடுத்துக்கொண்டே செலானில் கையெழுத்து வாங்கு, கயிறு கட்டு, கேட்டைப் பார் என்றால் முடியாது என்று சொல். கட்டடத் தொழிலாளருக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1998-இல் வந்த மத்திய விதிகள், தூக்கும் எந்திரத்துக்குச் சிக்னல் கொடுப்பவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும் என்றன. யாரிடமும் கற்காமல் இந்த வேலையில் நிற்கச் சொன்னால், "எனக்கு இன்னும் சொல்லிக் கொடுக்கலை சார்" என்று காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடு. தனியாகச் சொன்னால் காற்றோடு போய்விடும். சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போன நம் பிள்ளைகள் இதே வேலையை பேங்க்ஸ்மேன் என்ற பெயரில், பயிற்சி எடுத்துச் சான்றிதழோடு செய்கிறார்கள். அங்கே பயிற்சி கேட்கும் வேலை இங்கே மட்டும் சும்மா வந்துவிடாது.

15. ஷிஃப்ட் மாறும்போது விசிலை மட்டும் கொடுத்துவிட்டு ஓடாதே. அடுத்து வருகிறவனை அழைத்துக்கொண்டு பாதையில் ஒருமுறை நட. எந்த இடத்தில் தரை அமுங்குகிறது, கம்பி எங்கே தாழ்கிறது, எந்த வண்டியின் இடக் கண்ணாடி உடைந்திருக்கிறது, மதியம் எந்த இடத்தில் மயிரிழையில் தப்பியது என்று சொல். தப்பித்ததை மறைக்காதே, சேஃப்டி ஆபீசரின் நோட்டிலும் எழுதிக் கொடு. பிறகு அவனை ஆபரேட்டரிடம் கூட்டிப் போய், "அண்ணே, இனிமே இவர்தான், இவர் கையை மட்டும் பாருங்க" என்று சொல்லி, ஆபரேட்டர் அவன் முகத்தைப் பார்த்துச் சரி என்ற பின் ஜாக்கெட்டைக் கழற்று. சைட்டுக்குள் நடந்து போகும்போது அணிய வேறு ஜாக்கெட் உண்டு. அதைப் போட்டுக்கொண்டு, நடைபாதை வழியாக கேட்டுக்குப் போ.